முப்பத்து மூன்றாம் இடம்

2019ஆம் ஆண்டு மே மாதம். கல்லூரிக்குக் கோடை விடுமுறை. மே 19, ஞாயிற்றுக்கிழமை இரவு நள்ளிரவைக் கடந்து, திங்கள் பிறந்து ஏறத்தாழ இரண்டு மணியாகியிருந்தது. கணிதத்துறை நண்பரின் வீட்டு மாடியறையில், மின்விசிறியின் இரைச்சலுக்கிடையே, நாங்கள் மூவரும் ஒரு மடிக்கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தோம். திரையில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரம். அங்கே இன்னும் ஞாயிறு மாலை. பகலில் பெய்த மழை ஓய்ந்து உலர்ந்திருந்த ஓடுதளத்தில், ஆறு கார்கள் மூன்று இடங்களுக்காக ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிருந்தன.

கார்ப் பந்தயத்துக்கும் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் எங்களைப் போன்றோருக்கும் என்ன தொடர்பு என்று இந்தப் பக்கத்தின் வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கணித நண்பருக்கு மட்டுமே அதில் நீண்டநாள் ஈடுபாடு. ஃபெர்னாண்டோ அலோன்சோ என்ற ஸ்பானிய ஓட்டுநர்மீது அவருக்கு ஒருவகைப் பக்தியே உண்டு. மற்ற இருவரும் அவருடைய பேச்சைக் கேட்டுக் கேட்டே அந்த உலகத்துக்குள் நுழைந்தவர்கள். அன்றிரவு நாங்கள் விழித்திருந்தது அலோன்சோவுக்காகத்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அவரைத் தோற்கடித்தவர்களின் பெயர்கூட அதுவரை எங்களில் இருவருக்குத் தெரியாது.

அறியாத வாசகர்களுக்காகச் சில செய்திகள். இண்டியானாபொலிஸ் ஓடுதளம் 1909இல் அமைக்கப்பட்டது. இரண்டரை மைல் சுற்றளவு, நான்கு திருப்பங்கள். 1911இலிருந்து, இரண்டு உலகப் போர்க் காலங்கள் நீங்கலாக, ஆண்டுதோறும் அங்கே 500 மைல் பந்தயம் நடக்கிறது. ஃபார்முலா ஒன் கார்களைப் போலவே இந்தக் கார்களின் சக்கரங்களும் உடலுக்கு வெளியே, மூடப்படாமல் இருக்கும். மரபுப்படி 33 கார்கள் மட்டுமே களத்தில் இறங்கலாம். அந்த ஆண்டு வந்தவை 36. மூன்று பேர் வீடு திரும்பியாக வேண்டும். தகுதிச் சுற்று என்பது தனியாக நான்கு முறை சுற்றிவருவது. அந்தப் பத்து மைலின் சராசரி வேகமே இடத்தைத் தீர்மானிக்கும். அருகில் எதிராளி இல்லை, முட்டிமோதல் இல்லை. ஓட்டுநரும் காரும் காற்றும் கடிகாரமும் மட்டுமே.

களத்தின் கடைசி இடமான 33ஆம் இடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவரைக் குமிழியின் மீது உட்கார்ந்திருப்பவர் என்பது அவ்வூர் வழக்கு. அடுத்து வருபவர் இம்மியளவு வேகமாக ஓடினாலும் குமிழி உடைந்துவிடும். நீர்க்குமிழியை நிலையாமைக்கு உவமை சொல்லிச் சொல்லியே வளர்ந்த மொழி நம்முடையது. வகுப்பில் எத்தனையோ முறை அதை விளக்கியிருக்கிறோம். ஒரு விளையாட்டரங்கின் பேச்சுவழக்கில் அதே உவமையைக் கண்டபோது எங்களுக்குச் சற்று வியப்பாகத்தான் இருந்தது. பெரியவர்களும் அந்தக் குமிழியிலிருந்து விழுந்திருக்கிறார்கள். 1994இல் பந்தயத்தை வென்ற பென்ஸ்கே அணியின் கார்கள் 1995இல் தகுதியே பெறவில்லை. 2018இல் ஜேம்ஸ் ஹிஞ்ச்கிளிஃப் என்ற முன்னணி ஓட்டுநர் வெளியே நின்றார்.

2019இல் விதி சற்று மாறியிருந்தது. சனிக்கிழமையே முதல் 30 இடங்களும் உறுதியாகிவிடும். எஞ்சிய ஆறு பேரும் ஞாயிறன்று கடைசி வரிசையின் மூன்று இடங்களுக்காக ஆளுக்கு ஒரே ஒருமுறை ஓட வேண்டும். அந்த அறுவரில் ஒருவராக அலோன்சோ இருந்ததுதான் உலகச் செய்தி. 2005, 2006ஆம் ஆண்டுகளின் ஃபார்முலா ஒன் உலக வாகையர், மொனாக்கோவை வென்றவர், 2018இல் லே மான் 24 மணிநேரப் பந்தயத்தையும் வென்றவர். இண்டியானாபொலிஸையும் வென்றால் மூன்று மகுடங்களும் ஒரே தலையில் அமரும். 2017இல் முதன்முறை வந்தபோதே 27 சுற்றுகள் முன்னணியில் ஓடி, எஞ்சின் பழுதானதால் விலகியவர். 2019இல் மெக்லாரன் நிறுவனம் அவருக்காகவே தனி அணியை அமைத்துக்கொண்டு வந்திருந்தது.

ஆறாவதாக, எல்லோருக்கும் கடைசியாக ஓடவிருந்தவர் கைல் கைசர் என்ற இளைஞர். அவருடைய அணி ஹுன்கோஸ் ரேசிங். அர்ஜென்டினாவிலிருந்து வந்த ரிக்கார்டோ ஹுன்கோஸ் நடத்திய சிறிய அணி. அந்த மே மாதத்தில் அவர்களுக்கு வாய்த்தவற்றைக் கணித நண்பர் அன்றிரவு இடையிடையே சொல்லிக்கொண்டிருந்தார். பந்தயத்துக்கான ஏற்பாடுகள் முடியும் தறுவாயில் விளம்பரதாரர்கள் விலகிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கார் சுவரில் மோதி நொறுங்கியது. வளைந்து நெளியும் சாலைத் தளங்களில் ஓட்டுவதற்காக வைத்திருந்த மாற்றுக் காரை எடுத்து, இரவெல்லாம் கண்விழித்து, இந்த நீள்வட்டத் தளத்துக்கு ஏற்றதாக மாற்றினார்கள். அதில் போதிய பயிற்சி ஓட்டத்துக்கும் நேரமில்லை. சனிக்கிழமை 30 இடங்களுக்குள் வர முடியவில்லை. ஞாயிறு மாலையில் மிஞ்சியிருந்தது அந்த நான்கு சுற்றுகள்தாம்.

அலோன்சோ மூன்றாவதாக ஓடினார். சராசரி வேகம் மணிக்கு 227.353 மைல். அடுத்து ஓடிய சேஜ் கராம் அவரை முந்தினார். அதற்கடுத்து வந்த பாத்ரிசியோ ஓவார்ட் முந்தவில்லை. இப்போது அலோன்சோ குமிழியின் மீது. ஓட வேண்டியவர் கைசர் ஒருவரே. “இது ஒட்டுப்போட்ட வண்டி சார், தாங்காது” என்றார் கணித நண்பர், தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொள்வதைப் போல. கைசர் நான்கு சுற்றுகளையும் முடித்தபோது திரையில் தோன்றிய எண் 227.372. அலோன்சோ வெளியே. ஓர் அர்ஜென்டினக் குடியேறியின் சிற்றணி உள்ளே.

நண்பர் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு ஒரு தாளை இழுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். இரண்டுக்கும் வேறுபாடு மணிக்கு 0.019 மைல். பத்து மைல் ஓடி முடிக்க இருவரும் எடுத்துக்கொண்டது 158 விநாடிகளுக்குச் சற்று அதிகம். கால வேறுபாடு ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கைவிடச் சிறிதே கூடுதல். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்குக் கார் கடக்கும் தொலைவு 100 மீட்டருக்கும் மேல். ஆகவே இருவரும் ஒருசேரப் புறப்பட்டிருந்தால், 16 கிலோமீட்டர் ஓடிய பின்பு கைசர் முந்தியிருக்கும் தொலைவு ஏறத்தாழ 1.35 மீட்டர். காரின் நீளமோ ஐந்து மீட்டர். “கார் நீளத்துல கால்வாசி” என்று சொல்லிப் பேனாவை மூடினார். விடிவதற்குள் கலைந்தோம்.

அடுத்த சில நாட்கள் எங்கு திரும்பினாலும் ஒரே கதைதான். யானையின் காதில் எறும்பு புகுந்த கதை. நாங்களும் அதில் மயங்கினோம் என்பதை மறைப்பதற்கில்லை. மெக்லாரன் அணியின் தலைமை நிர்வாகி ஸேக் பிரவுன் பிறகு வெளிப்படையாகவே சொன்னவை அந்த மயக்கத்தை மேலும் வளர்த்தன. முதல் சோதனை ஓட்டத்துக்கு அவர்களிடம் ஸ்டியரிங் சக்கரமே ஆயத்தமாக இல்லை. மாற்றுக் காருக்குத் தங்கள் ஆரஞ்சு நிறத்தைத் தவறான சாயலில் பூசிவிட்டு, மீண்டும் பூச அனுப்பியிருந்ததால், முதற்கார் விபத்துக்குள்ளானபோது அது கைக்கெட்டவில்லை. அங்குல அளவை மெட்ரிக் அளவாக மாற்றியதில் பிழை நேர்ந்து காரின் அடிப்பகுதி தரையில் உரசியது. பணமும் புகழும் உள்ளவர்கள் செய்த பிழைகள். எதுவும் இல்லாதவர்கள் விழித்த இரவுகள். கதை தன்னைத் தானே எழுதிக்கொண்டது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை என்பதே இக்கட்டுரைக்குக் காரணம். மே 26 அன்று நடந்த பந்தயத்தில் பாதித் தூரத்தை எட்டுமுன்பே கைசரின் கார் சுவரில் மோதியது. 31ஆம் இடம் என்று பதிவாயிற்று. அலோன்சோவை வெளியேற்றிய புகழால் விளம்பரதாரர்கள் வரிசையில் வந்து நிற்கவும் இல்லை. 2020இல் பெருந்தொற்றினால் அந்தப் பந்தயம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போய், பார்வையாளர் இல்லாத அரங்கில் நடந்தது. அவ்வாண்டு வந்த கார்கள் சரியாக 33. வெளியேற்றப்படுவதற்கு ஒருவர்கூட இல்லை. ஹுன்கோஸ் அணியோ அந்த 33இல் இல்லை. முந்தைய ஆண்டு உயிரைக் கொடுத்துப் பிடித்த இடம், வந்து நின்றிருந்தாலே கிடைத்திருக்கும் ஆண்டில், வந்து நிற்க அவர்களால் இயலவில்லை. இளம் ஓட்டுநர்களுக்கான கீழ்நிலைத் தொடரில் அவர்கள் ஊன்றி நின்றவர்கள். 2020இல் அத்தொடரும் நடக்கவில்லை.

இதைப் படித்த நாளில் எங்களுக்கு 2019இன் வெற்றியைவிட இந்த மௌனமே நெருக்கமாக இருந்தது. ஏனென்றால் நாங்களும் அப்போது ஒரு மௌனத்துக்குள்தான் இருந்தோம். நாங்கள் மூவரும் சேர்ந்து நடத்திய சிற்றிதழ் 11ஆவது இதழோடு நின்றுபோயிருந்தது. 300 படிகள் அச்சிட்டோம். நடுப்பக்கத்தில் வெளியிட்ட ஒரு நெடுங்கதையை மூத்த எழுத்தாளர் ஒருவர் மேடையில் பாராட்டிப் பேசியபோது, பெரிய இதழ்களுக்குக் கிட்டாதது நமக்குக் கிட்டியதென்று மகிழ்ந்தோம். அதுவே எங்கள் 227.372. அதற்குப் பிறகு வந்தது ஒரே ஓர் இதழ்.

சிறிய அணி ஏன் தொடர்ந்து நிற்க முடிவதில்லை? பந்தயத் தொழிலின் அமைப்பையும் சற்றுச் சொல்ல வேண்டும். இண்டிகார் தொடரில் எல்லா அணிகளும் இத்தாலிய நிறுவனமான டல்லாராவின் ஒரே வகைக் காரையே பயன்படுத்துகின்றன. எஞ்சின் ஹோண்டா அல்லது செவ்ரலே. அதையும் குத்தகைக்குத்தான் பெற வேண்டும். ஃபார்முலா ஒன்னில் ஒவ்வோர் அணியும் தன் காரைத் தானே வடிவமைக்க வேண்டியிருப்பதால் அங்கே சிறியவர்களுக்கு வாயிலே இல்லை. இங்கே வாயில் திறந்திருக்கிறது. நுழைவது கடினமன்று, தங்குவதே கடினம். எஞ்சின் குத்தகை, டயர்கள், மோதினால் மாற்ற உறுப்புகள், பத்துப் பதினைந்து கைவினைஞர்களின் ஊதியம், நாடு முழுக்க லாரிகளில் சுமந்து திரியும் செலவு என்று வாரந்தோறும் பணம் கரையும். ஆண்டு முழுதும் ஓடி முன்னிலைப் பட்டியலில் இடம்பெறும் கார்களுக்குத் தொடரின் நிர்வாகம் அடுத்த ஆண்டுக்கென ஒரு தொகையை உறுதிசெய்கிறது. ஒரு பந்தயத்துக்கு மட்டும் வந்து ஓடும் அணிக்கு அது கிடையாது. தொடர்ந்து இருப்பவர்க்கே தொடர்வதற்கான வழி. சந்தா சேர்ந்தால்தான் இதழ் வரும், இதழ் வந்தால்தான் சந்தா சேரும் என்ற எங்கள் பழைய கணக்கேதான்.

ரிக்கார்டோ ஹுன்கோஸ் இத்தகைய கணக்குகளுக்குப் புதியவரல்லர். அர்ஜென்டினாவில் தாமே பந்தயக் கார் ஓட்டியவர். 2001ஐ ஒட்டி அந்நாட்டுப் பொருளாதாரம் சரிந்தபோது அவருடைய பிழைப்பும் சரிந்தது. மொழி தெரியாத அமெரிக்காவுக்குப் போய், ஃபுளோரிடாவில் சிறுவர்கள் ஓட்டும் கோ-கார்ட் வண்டிகளைப் பழுதுபார்ப்பவராக மீண்டும் தொடங்கினார். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறினார். 2010இல் கானர் டேலி, 2015இல் ஸ்பென்சர் பிகட், 2017இல் கைல் கைசர் என்று அவர் கையில் வளர்ந்த இளைஞர்கள் கீழ்நிலைத் தொடர்களில் பட்டம் வென்றார்கள். 2017இல் முதன்முறையாக இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் இரண்டு கார்களை இறக்கினார். அந்தப் பெரிய ஓடுதளத்தை ஒட்டியுள்ள ஸ்பீட்வே என்னும் சிற்றூரிலேயே தம் பட்டறையையும் அமைத்துக்கொண்டார். நாட்டைவிட்டு வந்தபோது ஒருமுறை, 2019க்குப் பிறகு மறுமுறை என்று இருமுறை கைவிட்டுப்போன ஒன்றை அவர் எவ்வாறு மீட்டார் என்பதுதான் எங்களுக்குக் கேள்வியாக இருந்தது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் விடை வந்தது. அணி திரும்புகிறது, ஆனால் பெயர் மாறுகிறது. இனி அது ஹுன்கோஸ் ஹொலிங்கர் ரேசிங். பிராட் ஹொலிங்கர் அமெரிக்கத் தொழில்முனைவர். ஃபார்முலா ஒன்னில் வில்லியம்ஸ் அணியின் பங்குகளை முன்பு வைத்திருந்தவர். அவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். போர்ட்லாண்ட், லகுனா சேகா, லாங் பீச் ஆகிய மூன்று பந்தயங்களோடு அந்த ஆண்டை முடித்து, 2022இல் முழுத்தொடரும் ஓடுவது திட்டம். ஓட்டுநர் காலம் ஐலட் என்ற ஆங்கில இளைஞர். கார் எண் 77. இதில் இன்னொரு செய்தியும் உண்டு. இண்டிகாரிலிருந்து வெளியேறிய கார்லின் அணியின் கார்களையும் கருவிகளையும் இவர்களே வாங்கிக்கொண்டார்கள். 2019 மே மாலையில் அலோன்சோவோடு சேர்ந்து வெளியேறிய மற்ற இருவரும் ஓட்டியவை கார்லின் அணியின் கார்களே. அலோன்சோவின் அணிக்கு அவ்வாண்டு தொழில்நுட்பத் துணைநின்றதும் கார்லின்தான். அன்று வெளியே நின்றவர்களின் கருவிகளைக் கொண்டே இவர்கள் உள்ளே திரும்பினார்கள்.

செய்தியைச் சொன்ன கணித நண்பர், “பேரைப் பாதி கொடுத்துட்டாரு சார்” என்றார். மூன்றாமவர், எங்கள் இதழின் சந்தாக் கணக்கை எழுதிவந்தவர், வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டு, “நம்மளும் கொடுத்திருக்கலாம்” என்றார். அதற்குப் பின் அன்று யாரும் பேசவில்லை.

அந்தப் பேச்சின் பின்னணியை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 11ஆவது இதழ் வந்த சமயத்தில் எங்கள் ஊர் அச்சக உரிமையாளர் ஒருவர் எங்களை அழைத்துப் பேசினார். இலக்கியம் முறையாகப் பயிலாதவர். ஆனால் எங்கள் இதழின் மெய்ப்பை எங்களைவிடக் கவனமாகப் படிப்பவர். தாள் செலவையும் அச்சுக் கூலியையும் தாமே ஏற்பதாகச் சொன்னார். முன்னட்டையில், இதழின் பெயருக்குக் கீழே, தம் அச்சகத்தின் பெயரும் வர வேண்டும் என்பது மட்டுமே கேட்டார். எதை வெளியிடலாம், எதை விடலாம் என்று அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்கள் மறுத்தோம். சிற்றிதழின் அட்டையில் வணிகப் பெயரா என்றோம். தூய்மை என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தியதாக நினைவு. அவர் சிரித்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார். இதழ் நின்றது. எழுத்தாளர்கள் சிலர் படைப்புகளைத் திருப்பிக் கேட்டார்கள்; சிலர் கேட்கவும் இல்லை. அதுவே அதிகம் வலித்தது.

பணமின்மையால் நின்றோம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தோம். அது முழு உண்மையன்று. பணம் வந்தது, அதோடு இன்னொருவரின் பெயரும் வந்ததால் திருப்பி அனுப்பினோம். தம் பெயரை மட்டுமே 20 ஆண்டுகள் சுமந்த ஓர் அணியின் நெற்றியில் இன்னொருவரின் பெயரை எழுதிக்கொள்ள அந்த அர்ஜென்டினர் ஒப்பியபோது, அவருக்கும் ஏதோ ஒன்று உறுத்தியிருக்கலாம். உறுத்தவே இல்லாமலும் இருந்திருக்கலாம். கோ-கார்ட்டுகளுக்கு எண்ணெய் மாற்றிய கைகளுக்கு எது முதன்மை என்பது எங்களைவிடத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தவர்களுக்கு எல்லாம் இனிதாக முடிந்தது என்று எழுதிவிட்டால் இந்தக் கட்டுரையும் எறும்புக் கதையாகிவிடும். 2021இன் மூன்று பந்தயங்களிலும் சொல்லிக்கொள்ளும்படியான இடம் எதுவும் கிட்டவில்லை. 2022 முழுதும் ஒற்றைக் காருடன் ஓடினார்கள். செப்டம்பரில் லகுனா சேகாவில் ஐலட் முன்வரிசையில் இரண்டாம் இடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றார். பந்தயத்தில் கார் பாதியில் நின்றது. அவ்வாண்டின் இறுதியில் ஹுன்கோஸ் தம் இண்டிகாரை அர்ஜென்டினாவுக்குக் கொண்டுபோய், அந்நாட்டு மக்கள்முன் ஓட்டிக்காட்டச் செய்தார். ஓட்டியவர் அங்கே மூடிய கார்ப் பந்தயங்களில் பலமுறை பட்டம் வென்ற அகுஸ்தின் கானபினோ. ஊரைவிட்டு வெறுங்கையோடு போனவர் திரும்பிவந்து தம் வண்டியைக் காட்டியது பற்றி நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

2023இல் கானபினோ அணியின் இரண்டாவது ஓட்டுநரானார். ஐலட் அவ்வாண்டு இருமுறை ஐந்தாம் இடம் பிடித்தார். ஆனால் சக அணியினர் இருவரும் களத்தில் உரசிக்கொண்ட ஒவ்வொரு முறையும் கானபினோவின் நாட்டு ரசிகர்கள் சிலர் ஐலட்டை இணையத்தில் வசைபாடினார்கள். ஆண்டு இறுதியில் ஐலட் அணியைவிட்டுப் போனார். 2023 அக்டோபரில், யாரை வெளியேற்றிப் புகழ்பெற்றார்களோ அந்த மெக்லாரனோடே ஓர் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டார்கள். 2024 ஜூனில், டெட்ராய்ட் பந்தயத்தில் நேர்ந்த ஓர் உரசலுக்குப் பின் மெக்லாரனின் இளம் ஓட்டுநருக்குக் கொலைமிரட்டல்கள் வர, அந்த உடன்பாடும் முறிந்தது. கானபினோவும் அவ்வாண்டே விலகினார். தாய்நாட்டின் பாசமே அணிக்குச் சுமையாகிப்போனது. திரும்பி வருவது ஒருநாள் வேலையன்று என்பதை அந்த ஆண்டுகள் எங்களுக்குக் காட்டின.

அவருடைய இடத்துக்கு வந்தவர் கானர் டேலி. 2010இல், பதின்வயதில், ஹுன்கோஸிடம் பட்டம் வென்றாரே, அதே டேலி. நிலையான இடமின்றி அணிக்கு அணி மாறி ஓடிக்கொண்டிருந்த அவர், அந்த ஆண்டின் கடைசிப் பந்தயங்களுக்கு அழைக்கப்பட்டார். 2024 ஆகஸ்ட் 31 அன்று மில்வாக்கி ஓடுதளத்தில், களத்தின் பின்பகுதியிலிருந்து புறப்பட்டு மூன்றாம் இடத்துக்கு வந்தார். இண்டிகாரில் அந்த அணி மேடையேறியது அதுவே முதன்முறை. 14 ஆண்டுகளுக்கு முன் கீழ்நிலைத் தொடரில் ஒன்றாக நின்ற இருவரும் மேல்நிலைத் தொடரின் மேடையருகே நின்ற அந்தக் காட்சியைக் கணித நண்பரின் அதே மாடியறையில்தான் பார்த்தோம். இம்முறை எவருடைய தோல்விக்காகவும் நாங்கள் வருந்தவில்லை. உலகமும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. எவரையும் வெளியேற்றாத மூன்றாம் இடத்தில் யாருக்கு என்ன கதை இருக்கிறது?

ஆனால் எங்களுக்கு அந்த மூன்றாம் இடம், 2019இன் 33ஆம் இடத்தைவிடப் பெரிதாகப் பட்டது. அன்றைய 1.35 மீட்டரில் உழைப்பு இருந்தது; பெரியவர்களின் பிழையும் இருந்தது, மாலைநேரக் காற்றின் குளிர்ச்சியும் இருந்திருக்கும். எல்லாம் ஒருமுறை கூடிவந்தால் எவரும் ஒரு நல்ல இதழைக் கொண்டுவந்துவிடலாம். இது அப்படியன்று. மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பின்வரிசையில் ஓடி, சண்டைகளைத் தாங்கி, உடன்பாடுகளை இழந்து, ஒவ்வொரு வாரமும் காரைக் களத்துக்குக் கொண்டுவந்துகொண்டே இருந்ததற்குக் கிடைத்தது.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது என்பதையும் அறிவோம். பந்தயத்துக்குக் கடிகாரம் இருக்கிறது; இலக்கியத்துக்கு இல்லை. எங்கள் இதழ் எவரையும் முந்தவுமில்லை, எவராலும் வெளியேற்றப்படவுமில்லை. அட்டையில் பெயர் போடக் கேட்கும் எல்லோரும் அந்த அச்சக உரிமையாளரைப் போல உள்ளே தலையிடாதவர்களாக இருப்பார்கள் என்பதற்கும் உறுதி கிடையாது. மறுத்தது முற்றிலும் தவறு என்று இப்போதும் எங்களில் ஒருவர் ஒப்பவில்லை. யார் என்று எழுதப்போவதில்லை. அவரும் இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்துச் சரி சொன்னவர்தாம்.

சென்ற மாதம் மூவருமாக அந்த அச்சகத்துக்குப் போனோம். உரிமையாளருக்கு வயதாகியிருந்தது. அச்சகம் பெரும்பாலும் திருமண அழைப்பிதழ்களாலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளாலும் ஓடுகிறது என்றார். எங்கள் 11 இதழ்களையும் கட்டி ஒரு பலகையின்மேல் வைத்திருந்தார். வந்த காரணத்தை எப்படித் தொடங்குவது என்று நாங்கள் தயங்கிக்கொண்டிருந்தோம். ஸ்பீட்வே என்ற ஊரின் பட்டறையைப் பற்றி அவரிடம் சொல்லிப் பயனில்லை. கடைசியில் சந்தாக் கணக்கு எழுதியவர்தான் பேசினார். “ஐயா, பன்னிரண்டாவது இதழ் கொண்டுவரலாம்னு இருக்கோம். உங்க பேரும் அட்டையில வரணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பழைய பேச்சை எடுக்கவில்லை.

“அதெல்லாம் பாத்துக்கலாம். பக்கம் எத்தனை வரும், அதைச் சொல்லுங்க முதல்ல” என்றார்.

96 என்றோம். 80க்குள் முடித்தால் தாள் வீணாகாது என்றார். இப்போது 16 பக்கத்தைக் குறைக்கும் வேலையில் இருக்கிறோம்.